துக்கத்தைக் கையில் எடுத்தவர்கள்

பெல்ஜியத்தில் விளாட்ஸ்லோ என்ற சிற்றூருக்கு அருகே, ஓக் மரங்களின் நிழலில் ஜெர்மானிய ராணுவக் கல்லறை ஒன்று இருக்கிறது. முதல் உலகப் போரில் இறந்த 25,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தரையோடு தரையாகப் பதித்த கற்கள், அவற்றில் வரிசை வரிசையாகப் பெயர்கள். அந்தப் பெயர்களைப் பார்த்தபடி இரண்டு கல் உருவங்கள் மண்டியிட்டிருக்கின்றன. அப்பா முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளாலும் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அம்மா போர்வைக்குள் ஒடுங்கி, தலை கவிழ்ந்திருக்கிறாள். இழந்தது இருவருக்கும் பிறந்த பிள்ளையைத்தான். ஆனாலும் ஒருவரையொருவர் தொடவில்லை. ஆளுக்கொரு பீடம், ஆளுக்கொரு துக்கம்.

அந்த அம்மாவின் முகம், சிலைகளை உருவாக்கிய கேத்தே கோல்விட்ஸின் சொந்த முகம். அப்பாவின் முகம் அவருடைய கணவர் கார்லுடையது. எதிரே பதிந்திருக்கும் கற்களில் ஒன்றில் அவர்களின் இளைய மகன் பீட்டரின் பெயர் இருக்கிறது. 1914 டிசம்பரில் கேத்தேயின் மனதில் தோன்றிய நினைவுச்சின்னம் இது. மகனின் கல்லறைக்கு வந்து சேர்ந்தது 1932 ஜூலையில். இடையில் ஏறக்குறைய 18 ஆண்டுகள்.

துக்கத்தைக் கலை ஆற்றும் என்று இன்று பலரும் சொல்கிறார்கள். மன அமைதிக்கான வண்ணம் தீட்டும் புத்தகங்கள் கடைக்குக் கடை கிடைக்கின்றன. ஒரே நாள் பட்டறையில் மனபாரத்தை இறக்கிவைத்துவிடலாம் என்று அழைக்கிறார்கள். அப்படி அழைப்பவர்களின் நல்ல எண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஒரு நாளை இந்த 18 ஆண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. துக்கத்தில் இருப்பவருக்குக் கலை உண்மையில் என்ன செய்கிறது, எதைச் செய்யாது என்பது அப்போதுதான் பிடிபடும்.

சம்மதம் வாங்கிக் கொடுத்த தாய்

கேத்தே 1867-ல் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். கார்ல், பெர்லினில் தொழிலாளர்கள் வசித்த பகுதியில் மருத்துவம் பார்த்தார். அவரிடம் வைத்தியத்துக்கு வந்த பெண்களின் களைத்த முகங்கள் கேத்தேயின் படங்களுக்குள் வந்தன. 1903-ல், ஏழு வயதுப் பீட்டரைக் கையில் ஏந்தி, கண்ணாடியில் தன்னையே பார்த்து ஒரு படம் வரைந்தார். இறந்த குழந்தையை மார்போடு அணைத்து முகம் புதைத்திருக்கும் தாய். அப்போது அது கற்பனை.

1914 ஆகஸ்டில் போர் வெடித்தது. பீட்டருக்கு 18 வயது. தானாகப் படையில் சேர வேண்டுமானால் அந்த வயதில் தந்தையின் அனுமதி தேவை. கார்ல் மறுத்தார். மகனுக்காகக் கணவரிடம் பேசியவர் கேத்தேதான். கடைசியில் கார்ல் இணங்கினார். அக்டோபர் 22 இரவு, பெல்ஜியத்தின் டிக்ஸ்முய்டெ அருகே பீட்டர் கொல்லப்பட்டான்.

‘அன்னைக்கு அவனை நான்தானே அனுப்பினேன்’ என்று தலையில் அடித்துக்கொள்ளும் அம்மாக்களை நாமும் துக்க வீடுகளில் பார்த்திருக்கிறோம். வண்டியை எடுத்துட்டுப் போகச் சொன்னது, அந்த ஆஸ்பத்திரிதான் நல்லது என்று சேர்த்தது, போன் வந்தபோது எடுக்காமல் விட்டது. இழப்போடு குற்றவுணர்வும் சேர்ந்துகொண்டால், அதற்கு ஆறுதல் சொல்லி மாளாது. ‘உன்மேல தப்பில்லம்மா’ என்று ஊரே சொன்னாலும் காதில் ஏறாது. கேத்தேக்கும் ஏறவில்லை. பீட்டரின் அறையை அப்படியே வைத்திருந்தார்கள். அவர் அங்கே போய் உட்கார்ந்திருப்பார். கிறிஸ்துமஸ் மரம்கூட அந்த அறைக்குள் வைக்கப்பட்டது.

முதலில் அவர் நினைத்த சின்னம் வேறு. பீட்டர் நீட்டிப் படுத்திருக்கிறான், தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா. போருக்குத் தாமாகப் போன எல்லாப் பிள்ளைகளுக்குமாக, பெர்லினில் ஹாஃபெல் ஆற்றைப் பார்த்த மேட்டில் அதை வைக்க விரும்பினார். வேலை நடந்தது, நின்றது, மீண்டும் நடந்தது. 1919-ல் கைவிட்டார். திரும்பி வருவேன் என்று டைரியில் மகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டே கைவிட்டார்.

இடைப்பட்ட காலத்தில் அவர் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். போரைப் பற்றிய படங்களை முதலில் செம்புத் தகட்டில் பொறித்துப் பார்த்தார், சரிவரவில்லை. கல்லச்சில் முயன்றார், அதுவும் நிறைவு தரவில்லை. 1920-ல் எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரவெட்டு ஓவியங்களைப் பார்த்தபோதுதான் வழி தெரிந்தது. ஐம்பது வயதைக் கடந்த பின், உளி பிடித்து மரத்தில் வெட்டக் கற்றுக்கொண்டார். அப்படிப் பிறந்தவைதான் ‘போர்’ என்ற வரிசையின் ஏழு மரவெட்டுகள். அவற்றில் ஒன்றில் மரணம் முரசு கொட்டிக்கொண்டு முன்னே போகிறது, இளைஞர்கள் மயக்கத்தில் பின்தொடர்கிறார்கள். மரணத்துக்கு மிக அருகில் இருப்பவன் பீட்டர். இன்னொரு படத்தில் பெற்றோர் இருவரும் ஒரே கருங்கட்டியாகக் குமைந்து கிடக்கிறார்கள். மென்மையாக ஓடும் பென்சிலுக்கு வராத துக்கம், எதிர்த்து நிற்கும் மரத்தைக் குடைந்தபோது வந்தது.

1920-களின் நடுவில் நினைவுச்சின்னத்துக்குத் திரும்பினார். 1926-ல் கணவரோடு பெல்ஜியம் போய், அப்போது ரோகெஃபெல்டெயில் இருந்த மகனின் கல்லறையைப் பார்த்தார். இறுதி வடிவத்தில் பீட்டர் இல்லை. படுத்திருந்த பிள்ளை சிற்பத்திலிருந்து விலகிவிட்டான், மிஞ்சியது பெற்றோர் மட்டுமே. இந்த மாற்றத்தை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. இறந்தவனின் உடலையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாய், உயிரோடு எஞ்சியிருப்பவர்களைப் பார்க்கத் திரும்புவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. கைவிட்ட வடிவங்கள் எல்லாம் அந்தத் தூரத்தை நடந்த அடிகள். 1950-களில் கல்லறை இடம் மாறியபோது சிலைகளும் பீட்டரோடு விளாட்ஸ்லோவுக்கு வந்தன.

அவருடைய துக்கம் 1932-ல் முடிந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே ஹிட்லர் ஆட்சி அவரைப் பிரஷ்யக் கலை அகாடமியிலிருந்து விலகவைத்தது. 1942-ல், சித்தப்பாவின் பெயரையே தாங்கியிருந்த பேரன் பீட்டர் ரஷ்யப் போர்முனையில் இறந்தான்.

மறக்கச் சொன்ன காலம்

கேத்தே சிற்பத்தோடு போராடிக்கொண்டிருந்த 1917-ல்தான் சிக்மண்ட் ஃப்ராய்டின் புகழ்பெற்ற துக்கக் கட்டுரை வெளியானது. இறந்தவர்மேல் வைத்த பற்றைச் சிறிது சிறிதாக விலக்கி எடுப்பதே துக்கத்தின் வேலை என்றார். பல பத்தாண்டுகளுக்கு மருத்துவ உலகம் அந்த வழியில்தான் நடந்தது. ஃப்ராய்டின் சொந்த வாழ்க்கையோ வேறு பாடம் சொன்னது. 1920-ல் மகள் சோஃபியை இழந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, பிள்ளையை இழந்த ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடம் நிரம்பாது, நிரம்பினாலும் அது வேறாகவே இருக்கும் என்ற பொருளில் எழுதினார்.

இறந்தவரோடு உறவு அறுவதில்லை, வடிவம் மாறித் தொடர்கிறது என்பதை ஆய்வாளர்கள் விரிவாக எழுதியது 1996-ல்தான். 1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் இன்னொன்றைக் காட்டினார்கள். துக்கத்தில் இருப்பவர் இரண்டு கரைகளுக்கிடையே போய்வருகிறார். ஒரு கரையில் இழப்பு, இன்னொன்றில் அடுத்த வேளை வாழ்க்கை. கரண்ட் பில் கட்டுவதும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும், நடுவில் சட்டென்று உடைந்து அழுவதும் நோயல்ல, அந்தப் போக்குவரத்துதான் தேறும் வழி.

கலை ஏன் துக்கத்துக்குத் தோதானது என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இங்கேதான் இருக்கிறது. கையால் ஒன்றைச் செய்யும்போது இரண்டு கரைகளும் ஒரே மேசைக்கு வந்துவிடுகின்றன. கேத்தே மகனின் சாவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதே நேரம் உளி தீட்ட வேண்டும், களிமண் காயாமல் ஈரத்துணி சுற்ற வேண்டும், கல்தச்சர்களோடு பேச வேண்டும். இழப்பை விட்டு விலகாமலே அன்றைய வேலையைச் செய்ய முடிந்தது. வெறுமனே உட்கார்ந்து நினைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நினைப்பு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வரும். செய்த பொருள் நேற்று விட்ட இடத்திலேயே நிற்கும். விலகி நின்று பார்க்கலாம், மாற்றலாம், துணி போட்டு மூடிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

இரண்டு பெட்டிகள்

‘ஆர்ட் தெரபி’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பிரிட்டிஷ் ஓவியர் ஏட்ரியன் ஹில். காசநோய் விடுதியில் படுத்திருந்தபோது வரைந்தது தன்னைத் தேற்றியதைக் கண்டு, மற்ற நோயாளிகளையும் வரையவைத்தார். 1942-ல் அந்தப் பெயரைச் சூட்டினார். அதே 1942 டிசம்பரில், இந்தத் துறைக்கு ஆழமான வேர் தந்த ஒரு பெண் நாஜி முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டெய்ஸ், வியன்னாவில் 1898-ல் பிறந்து, ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் படித்தவர். செக் நாட்டின் தெரேசின் முகாமில், பெற்றோரைப் பிரிந்த யூதக் குழந்தைகள் நெருக்கியடித்து வசித்த விடுதிகளில் அவர் ஓவிய வகுப்பு எடுத்தார். காகிதம் கிடைக்காது. அலுவலகப் படிவங்களின் பின்பக்கம், பொட்டலத் தாள் என எது கிடைத்ததோ அதில் வரைந்தார்கள், கிழித்து ஒட்டினார்கள். ‘முகாமை வரை’ என்று அவர் பணிக்கவில்லை. கோடு மூச்சைப் போல ஏறி இறங்க வேண்டும் என்று பழக்கினார். பூச்சாடியை, பழைய மேதைகளின் ஓவியங்களைப் பார்த்து வரையச் சொன்னார். குழந்தைகள் விட்டுவந்த வீட்டை வரைந்தார்கள், வண்ணத்துப்பூச்சியை வரைந்தார்கள். சிலர் அடுக்குக் கட்டில்களையும் சோற்றுக்கு நின்ற வரிசையையும் வரைந்தார்கள். படத்தில் தன் பெயரை எழுதச் சொன்னார். மனிதர்களை எண்களாக மாற்றிய ஆட்சியில் அந்தக் கையெழுத்துக்குப் பெறுமதி அதிகம்.

1944 அக்டோபரில் ஃப்ரீடல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மாணவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. போவதற்கு முன் அவர் சேர்த்துவைத்த சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் தப்பின. இன்று அவை பிராகா நகரின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஃப்ரீடல் அந்தக் குழந்தைகளைக் குணப்படுத்தினார் என்று யாரும் சொல்ல முடியாது. இத்தனை கொடூரத்துக்கு நடுவே அந்தச் சொல்லுக்கு இடமில்லை. ஒரு வகுப்பு நேரத்துக்கு, தன் கோட்டைத் தானே தீர்மானிக்கும் உரிமையைக் கொடுத்தார். அது அவரால் முடிந்தது, அதை முழுமையாகச் செய்தார்.

அவருடைய மாணவி ஈடித் கிராமர், போருக்கு முன் பிராகாவில் அகதிக் குழந்தைகளுக்கு வகுப்பெடுப்பதில் அவருக்கு உதவியவர். 1938-ல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அங்கே மனம் காயப்பட்ட சிறுவர்களுக்கான பள்ளியில் பணியாற்றி, அமெரிக்கக் கலைச் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரானார். சிகிச்சை தருபவருக்கு ‘மூன்றாவது கை’ வேண்டும் என்பது அவர் விட்டுச்சென்ற கருத்து. களிமண் பொம்மையின் கழுத்து சாய்ந்தால் தாங்கிப் பிடிக்க, உடைந்தால் ஒட்டும் விதம் சொல்ல ஒரு கை வரும். ஆனால் அந்தக் கை, குழந்தை செய்ய நினைத்ததைத் தன் விருப்பத்துக்கு வளைக்காது.

கிணறு எங்கே இருந்தது?

ஈழத்திலும் போர் நடந்துகொண்டிருந்தபோதே இப்படியொரு முயற்சி வேர்பிடித்தது. மட்டக்களப்பில் 1996-ல் கனடிய ஓவியர் பால் ஹோகனும், இயேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமான பால் சற்குணநாயகம் அடிகளாரும் முன்நின்று ‘வண்ணத்துப்பூச்சிப் பூங்கா’வைத் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளை பஸ்ஸில் அழைத்துவந்தார்கள். மரம், செடி, வளர்ப்பு விலங்குகள், களிமண், வண்ணம், கதை, கூத்து. ‘அப்பாவுக்கு என்ன நடந்தது?’ என்ற விசாரணை அங்கே முதலில் எழாது. பிள்ளை மண்ணைப் பிசையும், கதை கட்டும். சொல்ல வேண்டியது ஒரு அரக்கன் கதையாகவோ, காணாமல்போன படகாகவோ தானே வெளியே வரும்.

பெரியவர்களுக்கு நடந்த இன்னொரு வேலை என்னை அதிகம் தொட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஓவியர் தா. சனாதனன், போரில் வீடு இழந்து இடம்பெயர்ந்தவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். தமிழர்களும் முஸ்லிம்களுமாக அப்படி வரைந்த 80 வீடுகள், 2011-ல் புத்தகமாக வந்தன. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு, இது முற்றுப்பெறாத தோம்பு என்றார். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று படங்கள். உரியவர் கையால் வரைந்தது, அதைக் கட்டடக் கலைஞர் அளவெடுத்து வரைந்தது, அந்த வீட்டின் கதையிலிருந்து சனாதனன் வரைந்தது.

ஓவியம் பழகாத கைகள் வரைந்த படங்கள் அவை. அதனால் என்ன? வீட்டை வரைபவருக்கு அழகாக வரைய வேண்டும் என்ற பயம் இல்லை. கிணறு எந்தப் பக்கம், முற்றத்திலிருந்து குசினிக்கு எப்படிப் போவது, வேலி எதுவரை என்று கை நடந்து போகிறது. இடிந்துபோன வீட்டுக்குள் மீண்டும் ஒருமுறை நுழைந்து வெளியே வர முடிகிறது. ‘உங்கள் இழப்பைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் வாயடைத்துப்போகும் ஒருவரால், ‘கிணறு எங்கே இருந்தது?’ என்று கேட்டால் வரைந்துகாட்ட முடியும்.

பதினாறாம் நாளுக்குப் பிறகு

நம் துக்க வீடுகளிலும் கைக்கும் வாய்க்கும் வேலை இருந்தது. ஒப்பாரி முறையான கலை. பெண்கள் தோளில் கை போட்டு வட்டமாக உட்கார்வார்கள். ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண் அந்த இடத்திலேயே வரி கட்டி, மெட்டில் பொருத்தி, இறந்தவரின் பெருமையையும் தான் பட்ட பாட்டையும் சபையில் வைப்பாள். வேறு நாளில் பேச முடியாத புகாரை அன்றைக்கு அவள் பாடலாம். துக்கம் விசாரிக்க வந்தவள், பத்து வருஷத்துக்கு முன் போன தன் அம்மாவுக்காகவும் அழுதுகொள்ளலாம். ஆண்களுக்குப் பாடை கட்டும் வேலை. மூங்கில் வெட்டி, கயிறு முறுக்கி, பூ சுற்றி, சொந்தக்காரனைத் தூக்கிப்போகச் சொந்தக் கையால் செய்தார்கள்.

இப்போது நகரங்களில் ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு வருகிறது, அமரர் ஊர்தி வாசலில் வந்து நிற்கிறது. ஒப்பாரி ஒலிபெருக்கியில் ஒலிக்கிறது. இந்த வசதிகளைக் குறை சொல்வதற்கில்லை, சிறிய குடும்பங்களுக்கு அவை தேவை. ஆனால் கைகள் சும்மா இருக்கின்றன. பழைய முறையிலும் ஒரு இடைவெளி உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஊர் கலைந்துவிடும், வாசலில் மீண்டும் கோலம் விழும், ‘மனசைத் தேத்திக்கோ’ என்பார்கள். பலருக்குத் துக்கம் தலைதூக்குவதே அதற்குப் பிறகுதான். கலைச் சிகிச்சை வந்து நிற்க வேண்டிய இடம் அந்தப் பதினேழாம் நாள்.

‘எனக்கு வரையத் தெரியாதே’

சிகிச்சை அறையில் பெரியவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். தெரிய வேண்டியதில்லை. அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், 39 பேர் 45 நிமிடம் வரைந்தும் மண் பிசைந்தும் படம் ஒட்டியும் முடித்தபோது, சுமார் 75 சதவீதம் பேருக்கு மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் குறைந்திருந்தது. முன்பழக்கம் இருந்தவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. இது சிறிய ஆய்வு, கலந்துகொண்டவர்கள் ஆரோக்கியமானவர்கள். இதை வைத்துத் துக்கம் தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பயிற்சி பெற்றவர் பொருளைத் தேர்வதிலேயே சிகிச்சை தொடங்கிவிடுகிறது. பென்சிலும் ஸ்கெட்ச் பேனாவும் கைக்கு அடங்கும், நிலைகுலைந்து வருபவருக்கு அவை பிடிமானம். தண்ணீர் வண்ணமும் விரலால் பூசும் வண்ணமும் ஓடிப் பரவும். இறுகிப்போனவரை அவை இளக்கும், ஆனால் ஏற்கெனவே உடைந்திருப்பவரை மேலும் உடைத்துவிடவும் கூடும். கோபம் உள்ளவருக்குக் களிமண் நல்லது, அடிக்கலாம், பிளக்கலாம், மீண்டும் சேர்க்கலாம். வரையவே பயப்படுபவருக்குப் பழைய பத்திரிகைகளும் கத்தரியும் போதும்.

படம் முடிந்ததும் ‘ஏன் கறுப்பு?’ என்று நல்ல சிகிச்சையாளர் கேட்க மாட்டார். கறுப்பு சோகம், சிவப்பு கோபம் என்று அர்த்தம் பிரிக்கும் பட்டியல்களை அவர் நம்புவதில்லை. இறந்த தாத்தாவின் குடை கறுப்பாக இருந்திருக்கலாம். ‘இதைப் பத்திச் சொல்றீங்களா?’ என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். சொல்லாவிட்டாலும் சரி. படம் வரைந்தவருக்குச் சொந்தம், அவர் சம்மதிக்காமல் கண்காட்சிக்கோ வாட்ஸ்அப்புக்கோ போகக் கூடாது. பேரிடர் முகாம்களில் பிள்ளைகளின் படங்களைக் கேமராவுக்கு முன் தூக்கிப் பிடிப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

வீட்டில் தனியாகத் தொடங்க நினைப்பவர், போனவரின் முகத்தை வரையப் புறப்பட வேண்டாம். முகம் ஒத்துவராது, அது இன்னொரு தோல்வியாக உறுத்தும். அவர் உட்காரும் இடத்தை வரையலாம். வீட்டின் தரைப்படம் போட்டு, காலையில் எங்கே பேப்பர் படிப்பார், செருப்பை எங்கே விடுவார் என்று குறிக்கலாம். அம்மாவின் புடவைகளை வெட்டித் தைத்துப் போர்வையாக்கலாம். அமெரிக்காவில் எய்ட்ஸால் இறந்தவர்களுக்கு உறவினரும் நண்பர்களும் செய்தது இதுதான். ஆளுக்கொரு துணி, ஒரு சவக்குழியின் அளவான மூன்றுக்கு ஆறு அடி. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் விரித்தபோது 1,920 துணிகள் இருந்தன, இன்று சுமார் 50,000.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைவது இயல்பு. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரப் பிள்ளைகள் அலையை வரைந்துகொண்டே இருந்தார்கள். நாளாக ஆக அந்தப் படத்தில் ஏதாவது மாற வேண்டும். ஒரு படகு வரும், ஒரு ஆள் கரையேறுவார், நிறம் மாறும். மாதக்கணக்கில் ஒரு கோடுகூட மாறாமல், வரைந்து முடித்தும் பதற்றம் குறையாமல் இருந்தால், மருத்துவ உதவி தேவை என்று பொருள்.

பெரியவர்களுக்கும் அந்த எல்லை உண்டு. துக்கம் நீண்டு அன்றாட வாழ்வையே முடக்கிப்போடும் நிலையை, உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் தனிப் பிரச்சினையாகச் சேர்த்திருக்கிறது. ஆறு மாதம் கடந்தும் தூக்கமோ சாப்பாடோ வேலையோ திரும்பாவிட்டால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். தானும் போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால், ஆறு மாதம்வரைகூடக் காத்திராமல் உடனே பார்க்க வேண்டும். இந்திய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். கலைச் சிகிச்சை என்று அழைப்பவரிடம் எங்கே, எவ்வளவு காலம் படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் பணி செய்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். பிரிட்டனில் அந்தப் பெயரில் பணியாற்றச் சட்டப்படி பதிவு வேண்டும். எத்தனை வாரம் வர வேண்டியிருக்கும் என்றும் கேளுங்கள். ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னால், வேறு ஒருவரைத் தேடுங்கள்.